கதவைத் திறந்து பார்த்து வாங்க ஒரு ரேக்: இதுவரை நடந்த வேலை

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் அத்தான் ஒரு சின்னக் கதவுக் கடை வைத்திருக்கிறார். வருபவர்களில் பெரும்பாலோர் புது பிடிஓ வீட்டுக்கு, அதாவது தேவைக்கேற்ப வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டித்தரும் வீட்டுக்கு, சாவி வாங்கியவர்கள். உள்ளங்கை அகல லேமினேட் துண்டுகளைப் பார்த்தே ஏழடிக் கதவை முடிவு செய்ய வேண்டிய நிலை அவர்களுக்கு. கடையில் முழுக் கதவுகளும் இருந்தன. ஆனால் சுவரில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. முன்னால் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும். மூன்றாவது கதவைக் காட்ட இரண்டு பேர் சேர்ந்து முதல் இரண்டையும் தூக்கி நகர்த்த வேண்டும். "வேண்டாம் அண்ணே, சிரமப்படாதீங்க" என்று வாடிக்கையாளரே சொல்லிவிடுவார். இருபது வருடம் தினமும் தொடப்போகிற ஒரு பொருளை அப்படி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இரு பக்கமும் பார்க்க வேண்டும், கையால் தள்ளிப் பார்க்க வேண்டும், அதன் கனம் தோளுக்குத் தெரிய வேண்டும். வார இறுதியில் மரவேலை பார்க்கிறவன் நான். அதற்கு ஒரு ரேக் செய்கிறேன் என்று பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

சாய்த்து வைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. சிங்கப்பூர்க் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். கடைக்குள் பகலில் ஏர்கான், இரவில் அது கிடையாது. சுவர்ப் பக்கம் காற்றே படாமலும் வெளிப்பக்கம் காய்ந்தும் இருந்தால் மரம் இரு பக்கமும் ஒரே அளவில் விரிந்து சுருங்காது. கதவு மெல்ல வில்லாக வளையும். மாதிரிக் கதவே வளைந்து நின்றால் வாங்குகிறவர் எதை நம்புவார்?

இரண்டு வகை ரேக்குகளை யோசித்தேன். ஒன்று, காடி போட்ட மேடையில் கதவுகளை வரிசையாகச் செருகி வைப்பது. செய்வது எளிது, இடமும் குறைவு, ஆனால் தெரிவது கதவின் விளிம்பு மட்டும். இன்னொன்று, புத்தகப் பக்கம் போல ஒவ்வொரு கதவும் ஓர் ஓரத்தில் நின்று திரும்புவது. எனக்கு வேண்டியது இரண்டாவதுதான். அதற்குக் கீல் அடிப்பதா என்று அத்தான் கேட்டார். கீல் அடித்தால் கதவில் துளை விழும். புது வடிவம் வந்ததும் பழைய மாதிரிக் கதவைக் குறைந்த விலைக்குக்கூட விற்க முடியாது.

விடை ஊர்க் கோயில் கதவில் இருந்தது. அவ்வளவு கனமான கதவுகளும் மேலும் கீழும் உள்ள குடுமியில்தான், அதாவது குழியில் பொருந்தி நிற்கும் முளையில்தான், சுழல்கின்றன. கதவின் எடை கீழ்க் குழியில் நேராக இறங்கிவிடும். மேல் குடுமி கதவு விழாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதே முறையைத் துளை போடாமல் கொண்டுவர, கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் முழு அகலத்தில் 'ப' வடிவ அலுமினியச் சட்டம் மாட்டினேன். படுக்கையறைக் கதவு 38 மி.மீ. தடிமன், சட்டத்தின் உள் அகலம் 40 மி.மீ.; மீதி இடைவெளியில் ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கிறேன். சட்டத்தின் ஒரு முனையில் எம்12 (12 மி.மீ. விட்டம்) போல்ட், அதுதான் குடுமி. கீழ்க் குழியின் அடியில் ஓர் இரும்புக் குண்டு போட்டு, போல்டின் முனை அதன் மேல் உட்காரும்படி வைத்தேன். விரலால் தள்ளினாலே கதவு திரும்புகிறது. மேல் போல்டை உயர்த்தி இறக்கலாம் என்பதால், கதவைக் கீழே நிறுத்தி நிமிர்த்தி மேல் போல்டை இறக்கினால் மாட்டியாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது சட்டத்தின் முனைகள். கதவின் எடை குடுமிக்கு நேர் மேலே இல்லை. அரைக் கதவு அகலம் தள்ளி இருக்கிறது. அதனால் கதவின் மேல்பக்கம் வெளியே சரியப் பார்க்கும், அடிப்பக்கம் குடுமியை நோக்கி முட்டும். ஆகவே மேல் சட்டத்தை வெளி முனையிலும் கீழ்ச் சட்டத்தைக் குடுமி முனையிலும் தகடு வைத்து அடைக்க வேண்டும். அடைப்பு இல்லாவிட்டால் கதவு சட்டத்துக்குள் வழுக்கி வெளியே வந்துவிடும்.

இனி எடைக் கணக்கு. மூன்றடிக்கு ஏழடிக் கதவு, அதாவது 915 மி.மீ. அகலம், 2134 மி.மீ. உயரம். உள்ளே கூடு வைத்த கதவு ஒன்றுக்கு 20 கிலோ என்று எடுத்துக்கொண்டேன். மேல் குடுமியின் இழுவை, 20 கிலோவை அரை அகலத்தால் பெருக்கி உயரத்தால் வகுத்தால், 4.3 கிலோதான். ரேக்கில் நிற்கும் ஐந்து கதவுக்கும் சேர்த்து 22 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சின்ன எண்தான், ஆனால் அது தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் முன்னோக்கி இழுக்கிறது. மேல் குடுமிகளைத் தாங்கும் தூண்களுக்குப் பின்னால் 300 மி.மீ. தள்ளி ஒரு சாய்சட்டம் கொடுத்துப் பிடித்தால், அந்தச் சட்டங்களில் வரும் இழுவை மொத்தம் ஏறக்குறைய 160 கிலோ. அந்த இடத்தில் திருகாணியை நம்பவில்லை. எம்10 போல்ட், அகலமான வாஷர், அடிமேடைப் பலகையைத் துளைத்து அடிவரை.

கடை வாடகைக் கடை என்பதால் தரையில் துளையிட முடியாது. பின்சுவர் ஜிப்சம் பலகை, கனம் தாங்காது. முழு பிளைவுட் தாள் அளவுக்கு அடிமேடை அமைத்தது அதனால்தான். எட்டுக்கு நாலு அடி, 18 மி.மீ. தாள்கள் இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்கினேன். கதவுகளின் எடை மையம் மேடையின் முன் ஓரத்துக்கு 400 மி.மீ.க்கு மேல் உள்ளேயே விழுகிறது. கதவைத் திருப்புகிறவரும் அதே மேடையில் நிற்பதால் அவர் எடையும் சேர்ந்து அழுத்துகிறது. குழந்தைகள் ஓடிவரும் இடம் அது. இந்த ஒரு விஷயத்தில் தாராளமாகவே மரம் செலவழித்தேன். முன் ஓரத்தைச் சரிவாக இழைத்து மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறேன், கால் தடுக்கக் கூடாது.

குழி உள்ள கட்டைகள் கெம்பாஸ். கடினமான மரம், துளையிடும்போது துரப்பணம் சூடாகிறது, ஆனால் குழி தேய்ந்து பெரிதாகாது. குழிகளை நேர்கோட்டில் போடாமல் நடுக் குழியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி மெல்லிய வளைவாகப் போட்டேன். அப்போதுதான் ஓரக் கதவுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் நன்றாக விரியும். குழிகளுக்கு இடையே 120 மி.மீ., விரல் நசுங்காத இடைவெளி. பெரிய அறுப்பெல்லாம் மரக்கடையிலேயே அளவு கொடுத்து முடித்துக்கொண்டேன். அடுக்குமாடி வீட்டில் மின்ரம்பம் ஓட்டி அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்ய மனமில்லை. வீட்டில் நடந்தது உளி வேலையும் உப்புத்தாள் வேலையும்தான்.

ரேக் இப்போது கடையில் நிற்கிறது. மாற்றம் உடனே தெரிந்தது. மூட்டு வலி உள்ள ஒரு பாட்டி ஒவ்வொரு கதவையும் ஒரு கையால் தள்ளிப் பார்த்து, பேரன் கேட்ட கனமான கதவை விட்டுவிட்டு லேசானதைக் காட்டினார். தீபாவளிக்கு முன் கதவு மாற்ற வந்த தம்பதி, மஞ்சள் குங்குமம் வைத்தால் கறை பிடிக்குமா என்று வழவழப்பான லேமினேட்டையும் மர வெனீரையும் தடவித் தடவி ஒப்பிட்டார்கள். லேமினேட்டில் உடனே துடைத்தால் போய்விடும் என்று அத்தான் ஈரத்துணியோடு அங்கேயே செய்து காட்டினார். துண்டு மாதிரியை வைத்து இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

வாசல் கதவுகள் இந்த ரேக்கில் ஏறாது. அரை மணி நேரம் தீயைத் தாங்கும் வகை தடிமனும் கனமும் கூடியது, 40 மி.மீ. சட்டத்தில் நுழையாது. வாசலில் ஏற்கெனவே அந்த வகைக் கதவு இருக்கும் வீவக வீட்டில் மாற்றும்போதும் அதே வகைதான் போட வேண்டும் என்பதால் அதைக் கேட்டு வருபவர்கள் நிறைய. சான்றுச் சிட்டையோடு வரும் கதவு அது. நம் இஷ்டத்துக்குத் துளையிடவோ அறுக்கவோ கூடாது. அதற்குத் தனியாக நிலையோடு சேர்த்து ஒரே ஒரு கதவை நிறுத்துவதாகத் திட்டம். 50 கிலோ என்று வைத்தால் மேல் குடுமிக்கு வரும் இழுவை 11 கிலோ. ஒரு கதவுக்கு இது பெரிதில்லை. அதே அடிமேடை முறையைச் சின்ன அளவில் செய்தால் போதும். நிலைக்கு வேண்டிய மரத்தை அத்தான் சொல்லி வைத்திருக்கிறார், வந்ததும் வேலை தொடங்கும்.