வெள்ளத்துக்குப் பிறகு ஒரு கிறிஸ்மஸ் பிரசங்கம்

மற்ற மாதங்களில் பிரசங்கம் ஆயத்தம் செய்ய எனக்கு வெள்ளி இரவும் சனி காலையும் போதும். டிசம்பரில் அது நடக்காது. தென்மாவட்டத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சேகரகுருவின் (பல ஊர்ச் சபைகளைக் கவனிக்கும் போதகரின்) டிசம்பர் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீடுவீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிப் போகும் கீத பவனியை எந்தத் தெருவில் தொடங்குவது என்ற வழக்கைத் தீர்க்க வேண்டும். ஞாயிறு பள்ளி நாடகத்தில் ஏரோதாக நடிக்கப் பையன்கள் அடித்துக்கொள்வார்கள். யோசேப்பாக நிற்க ஒருவனும் வர மாட்டான், வசனம் கிடையாதே! சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் ஞானஸ்நானம், புதுவீட்டு ஜெபம், சபையில் திருமணத்தை அறிவிக்கும் ஓலை வாசிப்பு எல்லாவற்றையும் அந்தச் சில நாட்களுக்குள்தான் கேட்பார்கள்.

2023-இல் காலண்டரும் சேர்ந்துகொண்டது. டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்தின் நான்காம் ஞாயிறு. மறுநாள் அதிகாலை கிறிஸ்மஸ். ஒரே மூச்சில் இரண்டு பிரசங்கம். அதனால் மாதத் தொடக்கத்திலேயே கிறிஸ்மஸ் பிரசங்கத்தை எழுதி முடித்துவிட்டேன். தேவதூதர்களின் பாட்டு, 'பூமியிலே சமாதானமும்' என்ற வசனம். நன்றாகவே வந்திருந்தது.

டிசம்பர் 17 ஞாயிறன்று பெய்த மழையைப் பற்றி எங்கள் தூத்துக்குடிப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்கு மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. ஏரலுக்கு இந்தப் பக்கம் ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. கோவில், அதாவது எங்கள் தேவாலயம், மேட்டில் இருந்ததால் தண்ணீர் படிக்கட்டோடு நின்றது. அன்றிரவு கீழத்தெரு முழுவதும் கோவிலுக்குள் வந்துவிட்டது. ஆலயத்துக்கு வருகிறவர்கள், வராதவர்கள், அம்மன் கோவில் தெருக்காரர்கள் எல்லாரும் பெஞ்சுகளில் படுத்திருந்தார்கள்.

எழுதி வைத்த தாள்கள் நனையவில்லை. மேசை இழுப்பறையில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேற்றோடும், ஆற்றோடு போன வாழைத்தோட்டத்தோடும் நிற்கிறவர்களிடம் அதை எப்படி வாசிப்பது? வசனத்தில் குறையில்லை. நான் அதைப் பற்றி எழுதியிருந்த தொனிதான் உதவாது.

அடுத்த நாட்களில் பிரசங்கத்தை நினைக்கவே நேரமில்லை. கோவில் வளாகத்தில் அடுப்பு மூட்டினோம். ஐயரம்மாவும் (என் மனைவியைச் சபையார் அப்படித்தான் அழைப்பார்கள்) பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வெண்பொங்கல் கிளறினார்கள். நானும் ஆலயப் பணிவிடைக்காரரான கோவில்பிள்ளையும் சேற்றை வாரினோம். வீடுகளில் நனைந்த பாட்டுப் புத்தகங்களை மதில்மேல் விரித்துக் காயவைத்தோம். கீர்த்தனைப் புத்தகங்கள் பிழைத்துக்கொண்டன, வேதாகமத் தாள்கள் மெல்லியவை என்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அந்த மதிலில்தான் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக் மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிறு கல்லை வைத்திருந்தார். பாஸ்புக்கில் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. அதற்குள் 21-ஆம் தேதி அரசின் வெள்ள நிவாரண அறிவிப்பு வந்திருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். "ஐயா, என் அட்டை திருப்பூர் விலாசத்தில் இருக்கிறது. மகனோடு அங்கே இருந்தபோது மாற்றியது. இங்கே என் பெயரை எழுதுவார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பாட்டி அட்டையைப் புரட்டி மறுபக்கத்தையும் வெயிலில் வைத்தார்.

அன்றிரவு எமர்ஜென்சி விளக்கில் லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். 'அந்நாட்களில் உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது.' ரோமப் பேரரசன் அகுஸ்து மக்களைக் கணக்கெடுக்கச் சொன்ன கட்டளை அது. இத்தனை ஆண்டுகளில் இந்த வசனத்தில் நான் நின்றதே இல்லை, மேய்ப்பர்களிடம் போகிற அவசரம். மூன்றாம் வசனத்தைக் கேட்டால் சபையார் வழக்கமாகப் புன்னகைப்பார்கள்: 'எல்லாரும் தங்கள் தங்கள் ஊர்களுக்குப் போனார்கள்.' அது அவர்கள் கதைதான். ஆனால் அந்த வருடம் திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய் ரயிலே இல்லை. எங்கள் மாவட்டத்து நாசரேத்துக்கும் அந்த வழியாகத்தான் ரயில் போக வேண்டும். யோசேப்பு நாசரேத்திலிருந்து புறப்பட்ட செய்தியை வாசிக்கும்போது யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கட்டும், நல்லதுதான்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. ரோம் மக்களை எழுதியது வரி வாங்குவதற்கு, நிவாரணம் கொடுப்பதற்கு அல்ல. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் அது கெட்டிக்காரத்தனம், பிரசங்கம் ஆகாது. லூக்கா குறிப்பிடும் சீரியா ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6-இல் நடந்தது, இயேசு பிறந்தபோது ஆண்ட ஏரோது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டான் என்று அறிஞர்கள் விவாதிக்கும் விஷயம் வேறு இருக்கிறது. இறையியல் கல்லூரியில் அதற்காகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் அதை எடுத்தால் கர்த்தர் மன்னிக்கலாம், சபையார் மன்னிக்க மாட்டார்கள். விட்டுவிட்டேன்.

மிஞ்சியது இதுதான். ராயனின் ஏட்டில் யோசேப்பின் பெயர் ஏறியிருக்கும். முன்னணையில் கிடந்த பிள்ளையின் பெயர் ஏறியதா என்று லூக்கா சொல்லவில்லை. வயல்வெளியில் மந்தையைக் காத்தவர்களின் பெயரை லூக்காவே எழுதவில்லை. ஆனாலும் செய்தி முதலில் போனது அவர்களிடம். மூன்று குறிப்புகள், முடிவில் ஒரு கதை என்ற என் வழக்கமான அமைப்பு எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. பழைய டைரியின் பின்பக்கத்தில் ஒன்றரைப் பக்கம்.

ஐயரம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாசித்துக் காட்டினேன். என் பிரசங்கங்களுக்கு அவர்தான் முதல் சபை, கடுமையான சபையும்கூட. "ரோமாபுரி அதிகமாக இருக்கிறது. குறைத்துவிடுங்கள்" என்றார். குறைத்தேன்.

ஆராதனை நேரத்தில் சண்டை வந்தது. தெருவிளக்கு இல்லை, வழியெல்லாம் சேறு, முதியவர்கள் வழுக்கி விழுவார்கள் என்று நாலரை மணி ஆராதனையை ஐந்தரைக்கு மாற்றினேன். "1992 வெள்ளத்துக்குப் பிறகு வந்த கிறிஸ்மஸில்கூட நாலரைக்குத்தான் மணி அடித்தது" என்றார் மூப்பர் ஒருவர். கிறிஸ்மஸ் அன்று அவர் ஐந்தரைக்கு வந்தும் என் முகத்தைப் பார்க்கவில்லை. புதுத்துணி உடுத்தியவர்கள் அங்கொருவர் இங்கொருவர்தான். வாடகை ஜெனரேட்டர் முதல் பாட்டிலேயே இரைந்ததால் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் தொண்டையை நம்பினேன். பன்னிரண்டு நிமிடம். நாசரேத் என்றபோது பின்பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. பாட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். அட்டை விஷயம் அதுவரை தீரவில்லை, பெயரைத் தனியாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், எழுதிக் கொடுத்திருந்தோம்.

திருவிருந்து முடிந்ததும் எட்டு மணிக்குக் கிளைச்சபைக்குப் போனேன். அது தேரி என்னும் செம்மணல் மேட்டில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறவில்லை. பலூன், நட்சத்திரம், பட்டுச்சேலை என்று கிறிஸ்மஸ் கிறிஸ்மஸாகவே இருந்தது. அதே ஒன்றரைப் பக்கத்தை அங்கே வாசிப்பதா, இழுப்பறைத் தாள்களை எடுப்பதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். பாடகர் குழு ஏழு பாட்டுகள் ஆயத்தம் செய்திருந்தது. ஒன்றைக்கூட விட மறுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம்.