சி1 ஸ்லாட்: சில நாட்குறிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

டேட்டாபேஸ் சர்வர் பத்து நாளில் மூன்றாவது முறையாகத் தானாக ரீபூட் ஆகியிருக்கிறது. லினக்ஸின் லாக்கில், அதாவது நடந்ததை எழுதிவைக்கும் பதிவேட்டில், ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டே மயங்கி விழுந்தவன் மாதிரி, சாதாரண வரி ஒன்றோடு நிற்கிறது. சரி, பிஎம்சியைக் கேட்போம். மதர்போர்டில் தனியாக ஓடும் குட்டிக் கணினி அது; சர்வர் படுத்தாலும் விழித்திருக்கும்.

அதன் லாக்கில் எல்லாமே 1970 பிப்ரவரியில் நடந்ததாக இருக்கிறது! கடிகாரத்தை யாரும் சரியாக வைக்கவில்லை. இப்போது மணி என்ன என்று அதனிடமே கேட்டு, வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று ரீபூட்டும் பொருந்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சி1 என்ற ரேம் ஸ்லாட்டில் திருத்தப்பட்ட ஈசிசி பிழைகள் வரிசையாக, கடைசியில் திருத்த முடியாத பிழை ஒன்று. ஈசிசி என்பது ரேமில் பிழை பார்த்துத் திருத்தும் ஏற்பாடு. 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல்: ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும், இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கத்தான் முடியும். தப்பான தரவை எழுதுவதைவிட விழுவதே மேல் என்று சர்வர் விழுந்திருக்கிறது.

மார்ச் 5, புதன்

"அண்ணா, ரேம் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றான் தம்பி. இருக்கலாம். ஆனால் புதியதைப் போட்டுப் பிழை நின்றால், பழையது கெட்டதா, கழற்றி மாட்டியதில் சரியானதா என்று தெரியாது. சி1-ல் இருந்ததை எஃப்1 என்ற இன்னொரு ஸ்லாட்டுக்கும், அங்கிருந்ததை இங்கும் மாற்றினேன். இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். நினைவை நம்பிக் கெட்ட அனுபவம் உண்டு.

இரவு முழுக்க மெம்டெஸ்ட், ரேமைச் சோதிக்கும் நிரல். திரையில் பிழை பூஜ்ஜியம் என்று காட்டினாலும் நம்பக்கூடாது, ஈசிசி அதற்குள் திருத்திவிட்டிருக்கலாம். பார்க்க வேண்டியது லாக்கை.

மார்ச் 6, வியாழன்

41 பிழைகள். எல்லாம் சி1. ரேம் நிரபராதி. தம்பியோ நேற்று மாலையே புதிய ரேம் ஆர்டர் போட்டுவிட்டான்.

மிச்சம் ஸ்லாட், போர்டு, பிராசசர். ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்தான் இருக்கிறது, அதனால் பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின் சரியாகத் தொடாவிட்டாலும் குற்றம் ரேம் ஸ்லாட்டின் பெயரில்தான் பதிவாகும்.

மார்ச் 8, சனி

இரவுதான் சர்வரை நிறுத்த விட்டார்கள். நிறுத்துமுன் கொஞ்ச நேரம் முழு லோடில் ஓடவிட்டேன். பிராசசரின் சூட்டை வாங்கும் உலோகத் துண்டு ஹீட்சிங்க்; இரண்டுக்கும் நடுவே பூசும் பசை தெர்மல் பேஸ்ட். சூட்டில் பேஸ்ட் இளகினால் ஹீட்சிங்க் மல்லுக்கட்டாமல் வரும்.

சாக்கெட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். பின்கள் வாரிவிட்ட தலைமுடி போல ஒரே திசையில் மின்னின, வளைந்தது எதுவும் இல்லை. பிராசசரைத் திருப்பினால், பின்கள் தொடும் விளிம்போரப் புள்ளிகளில் கடுகளவு சாம்பல் கறை. தெர்மல் பேஸ்ட். போன வருஷம் இந்தப் பிராசசரை மாட்டியவன் நான்தான்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்தேன். சாக்கெட்டைத் தொடவில்லை, அங்கே பஞ்சு சிக்கினால் பின்னோடுதான் வரும். ஹீட்சிங்க் திருகுகளை அதில் அச்சிட்டிருக்கும் எண் வரிசைப்படியே இறுக்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

எட்டு நாள், ஒரு பிழை இல்லை. பிஎம்சி கடிகாரத்தையும் சரிசெய்தாயிற்று. காரணம் கறையா, திருகின் அழுத்தம் ஒருபக்கமாக இருந்ததா? இரண்டையும் ஒரே இரவில் மாற்றிவிட்டேன், இனி கண்டுபிடிக்க வழியில்லை. தம்பிக்கு மட்டும் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லிப் பாடம் எடுத்தவன் நான்.

ஆர்டர் போட்ட ரேம் வந்துவிட்டது. உறை பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது.