கதவருகே பொடி எழுத்தில் ஒரு பெயர்

அமெரிக்காவில் உள்நாட்டு விமானம் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வாலில் யுனைடெட் ஏர்லைன்ஸின் சின்னம் இருக்கும். உள்ளே அறிவிப்பிலும் அதே பெயர்தான் வரும். டிக்கெட்டும் அவர்களுடைய செயலியில் வாங்கியதுதான். ஆனால் ஏறும் கதவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஸ்கைவெஸ்ட் என்றோ ரிபப்ளிக் என்றோ கோஜெட் என்றோ எழுதியிருக்கும். விமானத்தை ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தப் பொடி எழுத்து நிறுவனம். டெல்டா, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இரண்டிடமும் இதே ஏற்பாடுதான். அப்படி ஒரு பிராந்திய நிறுவனத்தில்தான் நான் பல வருடங்களாக டிஸ்பாட்சராக இருக்கிறேன்.

டிஸ்பாட்சர் தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். எந்தப் பாதையில் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, இறங்க முடியாவிட்டால் எந்த ஊருக்குத் திருப்புவது, எந்தப் பழுதோடு பறக்கலாம், எதோடு கூடாது என்று பார்த்துப் பயணத்துக்கு அனுமதி கொடுப்பது என் வேலை. சட்டப்படி கேப்டனும் டிஸ்பாட்சரும் கூட்டுப் பொறுப்பு. இரண்டு பேரில் ஒருவர் முடியாது என்றால் விமானம் கிளம்பாது. இந்த அதிகாரத்தை நான் ரொம்பப் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் எங்கள் நிறுவனத்தின் கையில் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் ஒப்பந்தத்தில் போய்விடுகிறது. கெப்பாசிட்டி பர்ச்சேஸ் அக்ரிமென்ட், சுருக்கமாக சிபிஏ. நம்மூர்க் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் மாதிரி: என்ன பதார்த்தம், எத்தனை மணிக்குப் பந்தி என்பதை வீட்டுக்காரர் சொல்வார், மளிகையும் அவரே வாங்கித் தருவார், சமையல்காரருக்கு இலைக்கு இவ்வளவு என்று கூலி. இங்கே எந்த ஊருக்கு எத்தனை முறை பறப்பது, டிக்கெட் விலை என்ன, விமானத்துக்கு என்ன நிறம், எல்லாவற்றையும் பெரிய நிறுவனம் முடிவு செய்யும். எரிபொருள் செலவும் அவர்களுடையது. எங்களுக்குப் பறந்த மணிக்கும் புறப்பாட்டுக்கும் கட்டணம். விமானம் நிரம்பி வழிந்தாலும் காலியாகப் போனாலும் அந்தக் கட்டணம் மாறாது. பல விமானங்கள் பெரிய நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும், நாங்கள் ஓட்டித் தருகிறோம், அவ்வளவுதான்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குக் கோடைக்கால மாலை ஒன்று போதும். நியூயார்க் அருகே உள்ள நியூஆர்க் விமான நிலையத்தின் பக்கம் இடிமழை. மணிக்கு இத்தனை விமானம்தான் இறங்கலாம் என்று அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ கட்டுப்பாடு போட்டு, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்கும். ஒதுக்கிய நேரத்தைத் தங்கள் விமானங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமை நிறுவனங்களுக்கு உண்டு. பெரிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் திரையைப் பார்ப்பார். 50 பேர் இருக்கும் எங்கள் விமானத்துக்குக் கிடைத்த நல்ல நேரம், 170 பேர் இருக்கும் அவர்களுடைய போயிங் 737-க்குப் போய்விடும். எங்களுக்கு அதைவிட இரண்டு மணி நேரம் பிந்திய நேரம் வரும். கொஞ்ச நேரத்தில் அதுவும் தள்ளிப்போகும். கேப்டன் ஃபோனில் வருவார். "இந்த நேரமாவது நிற்குமா? இல்லையென்றால் பயணிகளை இறக்கிவிடட்டுமா?" என்னிடம் பதில் இருக்காது. அந்த முடிவு வேறு ஊரில், வேறு கட்டடத்தில் எடுக்கப்படுகிறது. அதற்குள் அவருடைய பணி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும், விமானிகளின் பல சம்பள ஒப்பந்தங்களில் கதவை மூடி விமானம் நகர ஆரம்பித்த பிறகுதான் சம்பள மணி ஓடத் தொடங்கும்.

கணக்குப்படி அந்த மாற்றம் சரி என்றே சொல்வேன். அதிகம் பேர் ஊர் போய்ச் சேருகிறார்கள். என் மனதை உறுத்துவது அதற்குப் பிறகு நடப்பதுதான். ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு குறியீடு போட வேண்டும்: வானிலையா, பெரிய நிறுவனமா, எங்கள் பணியாளர்களா. நேரம் தவறாமை, ரத்தாகாமல் பறந்த விகிதம் இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் ஊக்கத்தொகையும் அபராதமும் உண்டு. நேரம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் விமானியின் பணி நேரம் முடிந்து ரத்தானால், அது யார் கணக்கு? இந்த வாக்குவாதம் மறுநாள் காலைக் கூட்டத்தில் தொடரும். எனக்குத் தெரிந்த நல்ல கேப்டன்கள் இதைக் காதில் வாங்காமல், களைப்பாக இருந்தால் களைப்பு என்று சொல்லி விலகிக்கொள்வார்கள். புதிதாக வந்த துணை விமானிகளுக்கு அந்தத் துணிச்சல் வர நாளாகும்.

அந்தத் துணிச்சல் ஏன் முக்கியம் என்பதை இந்தத் துறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூஆர்க்கிலிருந்து பஃபலோ போன விமானம் 3407 ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்தது கான்டினென்டல் ஏர்லைன்ஸின் பெயர், ஓட்டியது கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனம். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனால் விசாரணையில் வெளிவந்த மற்ற விஷயங்கள்தான் நாட்டையே உலுக்கின. துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் வேறு விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று அங்கே பேசப்பட்டது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010-இல் சட்டம் வந்தது. பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்பது 2013-இல் அமலானது. புதிய ஓய்வு விதிகள் 2014-இல் வந்தன. டிக்கெட் விற்கும்போதே உண்மையில் ஓட்டுவது யார் என்று காட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்ததுதான். அந்தக் குடும்பங்களுக்கு நாங்கள் எல்லாருமே கடன்பட்டிருக்கிறோம்.

விமானிகள் இரவு ஷிஃப்டில் என்னோடு அதிகம் பேசுவது விபத்தைப் பற்றி அல்ல. ஒப்பந்தம் போய்விடுமோ என்பதுதான் பேச்சு. பெரிய நிறுவனங்களுக்கு ஒரே வேலையைச் செய்யப் பல பிராந்திய நிறுவனங்கள் உண்டு. விலை குறைத்தவருக்குப் புது விமானம். 2013-இல் பிஎஸ்ஏ என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானிகள் சலுகைகளை விட்டுக்கொடுத்து, சிஆர்ஜே-900 என்ற புது விமானங்களை ஓட்டும் வேலையைப் பெற்றார்கள். அடுத்த வருடம் என்வாய் விமானிகளிடமும் விட்டுக்கொடுக்கச் சொன்னபோது அவர்கள் ஓட்டுப்போட்டு மறுத்தார்கள். இரண்டுமே அமெரிக்கன் குழுமத்துக்குச் சொந்தமான நிறுவனங்கள். டெல்டாவுக்குச் சொந்தமான காம்ஏர், 2001-இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து ஊதியம் உயர்த்திய நிறுவனம், 2012-இல் மூடப்பட்டது. 2020-இல் மட்டும் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற மூன்று பிராந்திய நிறுவனங்களும் பறப்பதை நிறுத்தின. எக்ஸ்பிரஸ்ஜெட் ஓட்டிக்கொண்டிருந்த யுனைடெட் வேலை காம்யூட்ஏர் என்ற இன்னொரு பிராந்திய நிறுவனத்துக்குக் கைமாறியது. விமானம் வேறு நிறுவனத்துக்குப் போகும், வேலையும் போகும், விமானியின் பணிமூப்பு மட்டும் அவரோடு போகாது. இருபது வருடம் கேப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் பட்டியலின் கடைசியில் நிற்பார். எந்த ஊரில் தளம், எந்த நாள் விடுமுறை, தீபாவளியோ கிறிஸ்துமஸோ வீட்டில் இருக்க முடியுமா, எல்லாம் அந்தப் பட்டியலை வைத்துத்தான். இதை நான் கொடுமை என்றே நினைக்கிறேன்.

பெரிய நிறுவனங்களின் விமானிகள் மேலும் கோபப்பட முடியாது. தங்கள் வேலை மலிவாக வெளியே போய்விடக் கூடாது என்று அவர்கள் தங்கள் நிறுவனத்தோடு போட்ட வேலை ஒப்பந்தத்தில் ஸ்கோப் என்ற வரம்பை வைத்திருக்கிறார்கள்: பிராந்திய விமானத்தில் 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை, அதற்கு மேல் கூடாது. 50 இருக்கை விமானங்களுக்குத் தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் வருவதற்காகவே 70 பேர் உட்காரக்கூடிய சிஆர்ஜே-700-இல் இருக்கைகளைக் கழற்றி, 50 பேருக்கான சிஆர்ஜே-550 என்று 2019-இல் கொண்டுவந்தார்கள்.

சம்பளம் இப்போது நன்றாகவே மாறியிருக்கிறது. விமானிகள் கிடைக்காமல் 2016-இல் ரிபப்ளிக் திவால் பாதுகாப்பு கேட்டது. 2022-இல் என்வாயும் பீட்மான்ட்டும் முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்ததும் மற்றவர்களும் தொடர வேண்டியதாயிற்று. முதல் வருடத்தில் வாடகைக்கே திண்டாடியவர்களைப் பார்த்தவன் நான், எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் சிபிஏ அப்படியேதான் இருக்கிறது.

எனவே பயிற்சி முடித்து, எந்த நிறுவனத்தில் சேரலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் சேரும்போது தரும் போனஸைக் கடைசியாகப் பாருங்கள் என்கிறேன். ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, விமானங்கள் யார் பெயரில் இருக்கின்றன, இவற்றை முதலில் விசாரியுங்கள். ஸ்கைவெஸ்ட் போலப் பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையிலேயே கிடைக்கும். பெரிய நிறுவனத்துக்கு நேரடியாகப் போக வழி உண்டு என்று சொன்னால், போன வருடம் உண்மையில் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று கேளுங்கள். அப்புறம், அங்கே வேலை செய்யும் ஒரு கேப்டனைப் பிடித்து, களைப்பு என்று சொல்லி விலகினால் மறுநாள் யார் ஃபோன் செய்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.