ஈரக் குளிருக்கு ஏற்ற நூல்

மலையகத்தின் குளிரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வெப்பமானி காட்டும் எண்ணைத்தான் சொல்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதும் உண்டு. ஆனால், எங்கள் பக்கத்தில் உடம்பை நடுங்கவைப்பது ஈரமே என்பதை இந்த எண்கள் காட்டுவதில்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மஸ்கெலியா, ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா என்று மேற்குப் பக்க மலைகள் முழுவதும் தூற்றலும் மூடுபனியுமாகவே கிடக்கும். கொடியில் போட்ட துணி நாட்கணக்கில் காயாத அந்த மாதங்களுக்காகத்தான் நான் சுவெட்டர் பின்னுகிறேன். எந்த நூலை எடுப்பது, அதை எப்படி முறுக்குவது என்பதையும் அந்த ஈரத்தை நினைத்தே முடிவுசெய்கிறேன்.

கடைகளில் கிடைக்கும் பின்னல் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். அது மலிவானது, நிறம் மங்காதது, அடித்துத் துவைத்தாலும் சுருங்காதது. பிள்ளைக் காம்பரா என்ற தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்குத் தூக்கிச் செல்லப்படும் கைக்குழந்தையின் தொப்பியை அன்றாடம் துவைக்க வேண்டியிருப்பதால், அதற்கு நானும் அக்ரிலிக் நூலையே எடுக்கிறேன். ஆயினும் பெரியவர்கள் மழைக்காலம் முழுவதும் உடுத்தும் சுவெட்டருக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து. அக்ரிலிக் இழை ஏறத்தாழ ஈரத்தை உள்வாங்குவதே இல்லை; மூடுபனியும் வியர்வையும் இழைகளுக்கு நடுவே நீராகத் தங்கி, உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்கின்றன. ஆட்டுக் கம்பளி இழையோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தைத் தனக்குள் வாங்கிய பின்னரும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. நீராவியை உள்வாங்கும்போது அந்த இழை சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. ஐஸ்லாந்து, ஷெட்லாந்து போன்று கடற்காற்றும் மழையும் ஓயாத தீவுகளில் கம்பளிப் பின்னல் அவ்வளவு செழித்து வளர்ந்ததில் வியப்பில்லை.

எங்கள் அம்மாயி இதை வேறு வழியில் அறிந்தவர். தோட்டத்தில் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட முரட்டுக் கம்பளியைத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்தி, இடுப்பில் படங்கு என்ற தடித்த துணியைக் கட்டி, மழையில் கொழுந்து எடுத்த தலைமுறை அது. நான் பின்னும் எதையும் அவர் விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது மழைக்குத் தாங்குமா, புள்ள?" என்று கேட்பார். பின்னலின் அழகைப் பற்றி வரும் எந்தப் பாராட்டையும்விட அந்தக் கேள்விக்கு நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன்.

தூய கம்பளிக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்துச் செம்மறிக்கு மயிர்தான் உண்டு; நூற்பதற்கான கம்பளி அதன் உடலில் வளர்வதில்லை. எனக்குக் கம்பளி வந்தது உறவு வழியாக. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் இங்கிருந்து அனுப்பப்பட்டு, நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் சின்னம்மாவின் குடும்பமும் ஒன்று. அந்த மலைகளுக்கென்றே நீலகிரி ஆடு என்ற ஓர் இனம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டினத்தோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய இனங்கள் கலந்து உருவான அதன் கம்பளி, தென்னிந்தியாவில் அரிதாகவே காணப்படும் மென்மையான வகை. எண்ணிக்கையில் மிகவும் குறைந்துவிட்ட அந்த இனத்தைச் சாண்டிநல்லாவிலுள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் பேணிவருகிறது. கோத்தகிரியில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தபோதுதான் கம்பளியைக் கழுவவும் நூற்கவும் கற்றுக்கொண்டேன்.

கழுவுவதில் பொறுமை வேண்டும். ஆட்டின் கம்பளியில் ஊறியிருக்கும் கொழுப்பு இளகுவதற்கு, கை பொறுக்காத 60 பாகை அளவு சூடான சவர்க்காரத் தண்ணீர் தேவை. அதில் கம்பளியை அமிழ்த்திவிட்டு, அலசாமல், பிசையாமல் அப்படியே விட வேண்டும்; தண்ணீர் ஆறுவதற்கு முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் இளகிய கொழுப்பு திரும்பவும் இழையில் படியும். சூட்டோடு பிசைந்தாலோ, இழையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். பிறகு அதைப் பிரிக்க முடியாது.

நூற்பதற்கு முன் இழைகளை ஒழுங்குபடுத்தும் முறையில்தான் சுவெட்டரின் குணமே தீர்மானமாகிறது. இதை நூற்காதவர்களுக்கு விளங்கவைப்பது கடினம் என்றாலும், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கு இடையில் கம்பளியைக் கோதி, மெல்லிய திரியாகச் சுருட்டி நூற்றால், இழைகள் பல திசைகளிலும் கிடப்பதால் நூலுக்குள் காற்று நிறையத் தங்கும். எடை குறைந்த, கதகதப்பான நூல் அது. அதற்கு மாறாக, நீண்ட பற்களுள்ள சீப்பால் வாரி, குட்டையான இழைகளை ஒதுக்கிவிட்டு, நீண்டவற்றை மட்டும் ஒரே திசையில் அடுக்கி இறுக்கமாக நூற்றால், வழுவழுப்பான, உறுதியான, காற்று எளிதில் ஊடுருவாத நூல் கிடைக்கும். மஸ்கெலியாவில் இருப்பவருக்கு முதல் வகையையே பரிந்துரைப்பேன். அப்புத்தளை, பண்டாரவளை என்ற ஊவாப் பக்கத்தின் நிலை வேறு. மேற்கே மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே வீசுவது வறண்ட காற்று. அதற்கு இரண்டாவது வகை நூலில், நெருக்கமாகப் பின்னிய சுவெட்டரே சரி. ஒரே மலைநாட்டில் இரண்டு விதமான குளிர் இருக்கும்போது, எல்லாருக்கும் ஒரே நூல் போதும் என்று கடை விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நூற்பதற்கு ராட்டை கட்டாயம் இல்லை. பருத்திக்கென்று அமைந்த சிறிய ராட்டையின் கதிர், அதாவது நூலை முறுக்கிச் சுற்றும் தண்டு, மிக வேகமாகச் சுழல்வது. குட்டையான பருத்தி இழைக்கு அந்த வேகம் தேவை. பருத்தியைவிட நீண்ட கம்பளி இழைக்குக் குறைந்த முறுக்கே போதும் என்பதால், ஒரு குச்சியும் மரவட்டும் சேர்ந்த தொங்கு கதிரே எனக்குப் போதுமானது. இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், நின்றுகொண்டு கதிரை வலப்பக்கமாகச் சுழற்றிவிட்டு, இடக்கையால் திரியிலிருந்து இழையை இழுத்துக்கொடுக்க வேண்டும். முறுக்கு திரிக்குள் ஏறிவிடாமல் இரு விரல்களால் காவல் காப்பதுதான் இந்த வேலையின் முழு நுட்பமும். அது கை பழகும்வரை, கதிரை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திவைத்து, முறுக்குச் சேர்ந்த பிறகு இழையை இழுப்பது நல்லது.

இப்படி நூற்ற ஒற்றை இழையில் அப்படியே பின்னினால், அதன் முறுக்கு விடுபட முயல்வதால் துணி ஒருபக்கமாகச் சாயும். ஆகவே இரண்டு இழைகளைச் சேர்த்து, இம்முறை கதிரை இடப்பக்கமாகச் சுழற்றி முறுக்க வேண்டும். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று சமன்செய்துவிட்டனவா என்று அறிய, நூலை ஒரு சிட்டமாகச் சுற்றித் தொங்கவிட்டால் போதும். அது திருகாமல் நேராகத் தொங்க வேண்டும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, துவாயில் சுற்றிப் பிழிந்து காயவைக்கிறேன். மழை மாதங்களில் அடுப்படிச் சூடு இல்லாமல் அது காயாது. ஆனாலும் அடுப்புக்கு நேர் மேலே கட்டக்கூடாது. மிலாறு என்ற வெட்டிய தேயிலைக் குச்சிகள் எரியும் புகை கம்பளியில் ஏறினால் எளிதில் போகாது.

சாயத்துக்கு நான் கடைக்குப் போவதில்லை. வீட்டில் சேரும் தேயிலைச் சக்கையை நன்றாகக் கொதிக்கவைத்து வடித்து, நனைத்த சிட்டத்தை அதில் போட்டு, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூட்டிலேயே வைத்து, அதே பாத்திரத்தில் ஆறவிட்டால், படிகாரம்கூட இல்லாமல் பழுப்பு நிறம் பிடித்துக்கொள்ளும். துருப்பிடித்த ஆணி ஊறிய நீரைச் சிறிது சேர்த்தால் அது சாம்பல் கலந்த கருநிறமாக மாறும். இரும்பு மிகுந்தால் இழை நொய்ந்து போகும் என்பதால் அளவில் கவனம் வேண்டும்.

பெரியவர் ஒருவரின் சுவெட்டருக்கு, நடுத்தரத் தடிமனான நூல் ஏறத்தாழ 500 கிராம் பிடிக்கும். கையால் நூற்ற நூல் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இராது. அதனால் 10 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்த பின்னரே கண்ணிகளை எண்ணிக் கணக்கிடுகிறேன். விடியலில் நடுக்கமும் நண்பகலில் வெயிலும் வருகிற ஊரில், தலைவழியாக மாட்டுவதைவிட முன்பக்கம் பொத்தான் வைத்ததே வசதியானது. கைகளின் விளிம்பை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடித்துவிடுவேன். நாளெல்லாம் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு நனைந்த விளிம்பைப்போலத் தொல்லை வேறில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுவெட்டரைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவதே என் வழக்கம். பிள்ளை வளர்ந்ததும் அடி விளிம்பையும் கை விளிம்பையும் பிரித்து, கண்ணிகளை மீண்டும் ஊசியில் ஏற்றி, வேண்டிய நீளத்துக்குத் தொடர்ந்து பின்னிவிடலாம். இதற்கென்று அதே சாயத்தில் தோய்த்த ஒரு சிட்டத்தைத் தனியே எடுத்துவைத்து, சுவெட்டரைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்தே துவைக்கும்படி தாய்மாரிடம் சொல்லி அனுப்புகிறேன். அப்போதுதான் புதிதாகச் சேர்க்கும் பகுதியின் நிறமும் சுருக்கமும் பழைய பகுதியோடு ஒத்துப்போகும்.