கிளச் பிடித்த கை

வலி முதலில் வந்தது கிட்டார் வாசிக்கும்போது இல்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு கடையில் பிளேன்டீக் கோப்பையைத் தூக்கும்போது, இடது கைப் பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் ஊசி ஏற்றியது போல இருந்தது. கோப்பையை வலது கைக்கு மாற்றிக் குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

அது ஜூலை மாதம். மே தொடங்கி செப்டெம்பர் வரைதான் எங்களுக்கு உழைப்பு. பொத்துவில் பக்கத்து அறுகம்பையில் அலைச்சறுக்குக்கு அலை நன்றாக இருக்கும் அந்த மாதங்களில்தான் கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் இரவில் பாட ஆள் தேடுவார்கள், கோயில் திருவிழாக்கள் பலவும் அதே நேரத்தில்தான் வரும். நவம்பரில் மழை பிடித்தால் தை வரைக்கும் கிட்டார் உறைக்குள்.

என் டூர் என்றால் பஸ்ஸும் மனேஜரும் உள்ள டூர் இல்லை. சொந்தப் பாட்டு, சொந்த மோட்டார் சைக்கிள், முதுகில் கிட்டார், பின்சீட்டில் ரப்பர் பட்டியால் கட்டிய அம்ப். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். ஆரையம்பதி, கல்லாறு, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, கோமாரி என்று ஊருக்கு மேல் ஊர், ஊருக்கு ஊர் சந்தி, நடுரோட்டில் மாடு, ஒவ்வொன்றுக்கும் கிளச்சைப் பிடி, விடு, பிடி. கிளச் எந்தக் கையில் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

அம்மா பரியாரியிடம் கூட்டிப்போனார். எண்ணெய் தடவி, பத்துப் போட்டு, கையை ஆட்டாதே என்றார் அவர். பத்துக் காய முன்னமே நான் கல்முனைக்கு வெளிக்கிட்டுவிட்டேன், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மூன்று கிழமை கழித்துத்தான் டொக்டரிடம் போனேன். பெருவிரலை உள்ளே மடக்கி அதன்மேல் மற்ற விரல்களைப் பொத்திப் பிடிக்கச் சொல்லி, அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வீட்டில் கைக்குழந்தை இருக்கா?" என்று கேட்டார். இல்லை டொக்டர், ஸ்பீக்கர் பொக்ஸ்தான் இருக்கு என்றேன். குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மாருக்கு அதிகம் வருகிற வலியாம். பெருவிரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரே உறைக்குள்ளால் போகின்றன, அந்த உறை தடித்து இறுகினால் ஒவ்வொரு அசைவும் உரசும். 1895இல் இதை விவரித்த சுவிஸ் டொக்டர் டி கெர்வேனின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்பிளின்ட் ஒன்றைத் தந்து ஆறு கிழமை போடச் சொன்னார். சரிவராவிட்டால் ஊசி.

எனக்கு ஐந்து நிகழ்ச்சி கையில் இருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு மெடிக்கல் லீவு இருக்கிறது, ஈபிஎஃப் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு போன் நம்பர். 'அவனுக்குக் கை சரியில்லையாம்' என்று ஒருவர் சொன்னால் காணும், அந்த நம்பருக்கு அழைப்பு வராது. அதனால் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு ஸ்பிளின்ட்டை மறைத்தேன், மேடைக்கு ஏறும்போது கழற்றினேன், இறங்கியதும் இருட்டில் நின்று கட்டிக்கொண்டேன். மடைத்தனம்தான். கம்பியையும் மெல்லியதாக மாற்றினேன், சுருதியை இறக்கிக் கட்டி மேலே கப்போ என்ற கவ்வியைப் போட்டேன், ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற பார் கொர்ட்டை முழுக்க விட்டு, அவ்வளவு அழுத்தம் வேண்டாத ஓப்பன் கொர்ட்டிலேயே ஓட்டினேன். தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல் கெட்ட பிறகும் வாசித்த ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வீடியோவைச் சிநேகிதர்கள் ஆளாளுக்கு அனுப்பினார்கள். அவருக்கு நடந்தது 1928இல், அவர் மேதை, எனக்கோ அன்று பின்னேரம் அக்கரைப்பற்றில் அம்ப் இறக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் பிடிபட்டேன். மூன்றாவது பாட்டில் பெருவிரல் அப்படியே நின்றுவிட்டது. சவுண்ட் பார்க்கிற அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், ஒன்றும் பேசாமல் கிட்டார் சத்தத்தைக் குறைத்து என் குரலை ஏற்றிவிட்டார். முடிந்ததும் வந்து சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். "எத்தின நாளா தம்பி?" என்று மட்டும்தான் கேட்டார்.

அடுத்தது திருக்கோவில் பக்கம் ஒரு கோயில் திருவிழா. எங்களுக்குப் பிறகு கூத்து. கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரிடம் காக்காதான் போய்ப் பேசினார். நான் கிட்டார் இல்லாமல் நின்று பாட, அண்ணாவியார் பக்கத்தில் மத்தளம் வாசித்தார். அவருக்கு என் பாட்டு எதுவும் தெரியாது, முதல் இரண்டு வரியைக் கேட்டுவிட்டுப் பிடித்துக்கொள்வார், சில இடத்தில் நான் நினைக்காத பக்கம் தாளத்தைத் திருப்பிவிடுவார், நான் பின்னால் ஓடவேண்டும். கை இரண்டும் சும்மா இருக்க மேடையில் என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை, மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிட்டார் எங்கே என்று ஒரு பொடியன் மட்டும் கேட்டான். பேசிய காசில் ஒரு ரூபாவும் குறையவில்லை.

ஊசி ஒன்று போட்ட பிறகுதான் வலி இறங்கியது. இப்போது வாசிக்கிறேன், பார் கொர்ட்டை இன்னும் அளவாகத்தான் பிடிக்கிறேன். பொத்துவில் பக்கம் என்றால் பஸ்ஸில் போகிறேன், அம்ப் காக்காவின் சின்ன பட்டா லொறியில் வருகிறது. பழக்க தோஷத்தில் நான் பொக்ஸில் கை வைத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "தம்பி, அத வைங்க. நீங்க தொண்டையக் கொண்டு வந்தாக் காணும்."