ஸ்பார்க் பிளக்: மரை போகாமல் மாற்ற

பெட்ரோல் காரில் பிளக் மாற்றுவது வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. பிளக் சில நூறு ரூபாய்தான். ஆனால் அது ஏறும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அந்த மரை போனால் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக உள்ளே இறக்கும் கம்பிச் சுருள்), லேத் பட்டறை என்று செலவு எங்கேயோ போய்விடும். அதனால் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் மரையைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான்.

முதலில் சரியான பிளக். கார் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணையே வாங்குங்கள். "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். மரையின் நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்று சொல்லும் வெப்ப எண்ணிலும் குழப்பம் உண்டு: என்ஜிகே, டென்ஸோ கம்பெனிகளில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது, அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது; பாஷில் எண் கூடினால் சூடானது. எத்தனை வாங்குவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிலிண்டருக்கு ஒன்று, ஆனால் பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐயில் நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் மென்மையான அலுமினிய மரையும் பிளக்கோடு பிய்த்துக்கொண்டு வரும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது.

சாவியை எடுத்துவிடுங்கள். பிளக்கின் தலையில் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தருவது காயில். அதில் செருகியிருக்கும் வயர் இணைப்பான கப்ளரை, அதன் பூட்டை அழுத்தி உருவுங்கள். வருஷக்கணக்கில் சூடு தின்ற பிளாஸ்டிக், வயரைப் பிடித்து இழுத்தால் உடையும். காயில் போல்ட் பெரும்பாலும் 10 மி.மீ. சாக்கெட்டுக்கு வரும். காயிலை லேசாக இடமும் வலமும் திருப்பிவிட்டு நேராக மேலே தூக்குங்கள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் எண்ணெய் நின்றால், இன்ஜினின் மேல் மூடியான ராக்கர் கவரின் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புது பிளக் போடுவது வீண். தண்ணீர் நின்றால் இன்ஜினைப் பிரஷர் வாஷ் செய்ததன் விளைவாக இருக்கலாம்.

பிளக்கைத் தொடும் முன் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். கால் பம்ப்பே போதும். விட்டுவைத்த மணல் நேராக சிலிண்டருக்குள் விழும். ஒரு பிளக்கை மாற்றி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கப்ளரும் மாறாது, திறந்த குழிக்குள் எதுவும் விழாது.

பழைய பிளக் இறுக்கமாக இருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். கால் சுற்று தளர்த்தி, துரு நீக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, சிறிது நேரம் பொறுத்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். வெளியே வந்ததை வரிசையாக வையுங்கள். நுனி இளம் காப்பி நிறமானால் இன்ஜின் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வால்வ் சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிக சூடு.

புது பிளக் கீழே விழுந்தால் அதைப் போடாதீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். நுனியில் பொறி தாவும் இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சரிபாருங்கள். இரிடியம் பிளக்கில் கம்பி கேஜ் மட்டுமே, அதையும் நடு நுனியில் அழுத்தக் கூடாது. மெல்லிய நுனி உடைந்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம். ராட்செட்டால் மரை ஏற்றவே கூடாது. அரை அடி பெட்ரோல் ஹோஸை பிளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, விரலால் சுற்றுங்கள். முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால் மரை விழும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், மரை தப்பும். ஸ்பேனருக்கு அந்த இரக்கம் கிடையாது.

விரலால் முழுக்க இறங்கிய பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள பிளக் அலுமினிய ஹெட்டில் ஏறும்போது 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. ரெஞ்ச் இல்லையென்றால், 14 மி.மீ. புது பிளக்கில் வாஷர் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று. வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான். தளர்வாக விட்டாலும் ஆபத்துதான்: பிளக்கின் சூடு மரை, வாஷர் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது, பிளக் சரியாக அமராவிட்டால் நுனி வெந்துபோகும். மரைக்கு கிரீஸ் தடவுகிற பழக்கத்தையும் விடுங்கள். இன்றைய பிளக்குகளில் முலாம் இருக்கிறது. கிரீஸ் வழுக்கலில் அதே டார்க்கில் பிளக் கூடுதலாக இறுகி மரை இழுபடும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் நடுங்கி, செக் இன்ஜின் விளக்கு சிமிட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல், சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுவிடும். கப்ளர்கள் 'கிளிக்' என்று அமர்ந்தனவா என்று பாருங்கள். காரின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில் போயிருக்கிறது. பி0302-லேயே நின்றால் அந்த பிளக்கைத் திரும்ப வெளியே எடுத்து, பீங்கானையும் இடைவெளியையும் பாருங்கள்.