632-க்கு முந்தைய ஹிஜ்ரி தேதிகள்: மக்காவின் பழைய மாதக் கணக்கு

ஹிஜ்ரி தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பத்ருப் போர் நடந்த ஹிஜ்ரி 2, ரமலான் 17-ஐ அதில் போட்டால் 624 மார்ச் 13 என்று வரும். கிழமை செவ்வாய். பழைய நபி வரலாறுகளோ பத்ரு வெள்ளிக்கிழமை நடந்ததாகச் சொல்கின்றன. நபிகள் நாயகம் மதீனாவை ஒட்டிய குபாவுக்கு வந்து சேர்ந்தது ரபீஉல் அவ்வல் 12, திங்கள் என்பது பரவலாக வழங்கும் தேதி. கருவி தருவது 622 செப்டம்பர் 24, வெள்ளி. பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்னே பின்னே போவது சகஜம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் போக வழியில்லை.

கருவியின் கணக்கில் தப்பில்லை, அது எடுத்துக்கொள்ளும் அனுமானத்தில்தான் கோளாறு. இன்றைய ஹிஜ்ரி ஆண்டு கலப்பில்லாத சந்திர ஆண்டு: எப்போதும் 12 மாதம், பதின்மூன்றாவது மாதம் கிடையாது. கருவி இந்த விதியையே 622 வரைக்கும், அதற்கு முன்னாலும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் இந்த விதி உறுதியானது ஹிஜ்ரி 10-இல், நபிகளாரின் இறுதி ஹஜ்ஜை ஒட்டித்தான். அதற்கு முன் மக்காவில் மாதங்களை நகர்த்தும் வழக்கம் ஒன்று இருந்தது. அதன் பெயர் நஸீஉ. ஜாஹிலிய்யா காலம், அதாவது இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் காலம் என்றதும் சிலைகளையும் குலச் சண்டைகளையும் மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சமூகம் எப்படி இயங்கியது என்று தெரிந்துகொள்ள இந்த மாதக் கணக்கைப் பார்ப்பதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

முதலில் எண்கள். சந்திர மாதம் சராசரி 29.53 நாள். 12 மாதத்துக்கு 354.37 நாள். சூரிய ஆண்டு 365.24. ஆண்டுக்கு ஏறத்தாழ 10.9 நாள் குறைகிறது. மூன்று ஆண்டில் ஒரு மாதத்துக்கு மேல் பின்தங்கிவிடும். 33 ஆண்டில் ஒரு மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். நம் சந்திரமானப் பஞ்சாங்கங்கள் அதிக மாதம் சேர்ப்பதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான்: 19 ஆண்டில் 7 மாதம் சேர்த்தால் 235 மாதம், 6,939.7 நாள். 19 சூரிய ஆண்டோடு சில மணி நேர வித்தியாசம்தான் நிற்கும். பழைய அரபு வழக்கம் 24 ஆண்டில் 9 மாதம் என்கிறார் 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பீரூனி. போட்டுப் பார்த்தால் 297 மாதம், 8,770.6 நாள். 24 சூரிய ஆண்டைவிட ஐந்து நாள் அதிகம். நூறாண்டில் இருபது நாள் தள்ளிப்போகும். விதி தவறாமல் நடந்தாலே இந்தக் கதி. வாய்மொழியாக ஆண்டுக்காண்டு அறிவிக்கும் முறையில் விதி தவறாமல் நடந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை.

ஏன் நகர்த்த வேண்டும்? சந்தைக்காக. ஆண்டில் நான்கு மாதம் புனித மாதங்கள்: துல்கஅதா, துல்ஹஜ், முஹர்ரம் என்று மூன்று தொடர்ச்சியாக, பிறகு தனியாக ரஜப். இவற்றில் கொள்ளையும் பழிவாங்கலும் கூடாது. அரசு இல்லை, காவல் இல்லை. வணிகக் கூட்டம் பாலைவனத்தைக் கடப்பதற்கு இருந்த பாதுகாப்பு, குலங்களிடையே ஒப்பந்தங்களும் இந்த நான்கு மாதமும்தான். துல்கஅதா முதல் நாள் தாயிஃப் பக்கத்தில் உக்காழ் சந்தை கூடும், 20 நாள். அங்கிருந்து மஜன்னா, மாதக் கடைசிப் பத்து நாள். துல்ஹஜ் பிறை தெரிந்ததும் அரஃபாவுக்கு அருகில் துல்மஜாஸ், எட்டு நாள். எட்டாம் நாள் தண்ணீர் நிரப்பிக்கொள்வார்கள், அரஃபாவில் தண்ணீர் கிடைக்காது என்பதால். ஒன்பதாம் நாள் ஹஜ். மூன்று சந்தையும் ஒரே வழியில், ஒன்று கலைந்து அடுத்தது கூடும்படி கோக்கப்பட்டவை. அதே வியாபாரி, அதே சரக்கு. உக்காழில் விற்காததை மஜன்னாவில் விற்கலாம்.

தாயிஃபின் தோலும் உலர்திராட்சையும், யமன் துணியும் சரக்குகளில் முக்கியமானவை. இவற்றுக்கெல்லாம் பருவம் உண்டு. ஒட்டகத்துக்கு மேய்ச்சல் வேண்டும், வழிக் கிணறுகளில் தண்ணீர் வேண்டும். ஆண்டுக்குப் பதினொரு நாள் வீதம் ஹஜ் முன்னால் நகர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் சரக்கு தயாராகும் முன்பே சந்தை முடிந்துவிடும். மாதம் சேர்த்ததற்கு அல்பீரூனி சொல்லும் காரணமும் இதுதான்.

மாதத்தை நகர்த்தும் உரிமை கினானா குலத்தின் ஒரு கிளையான ஃபுகைம் குடும்பத்திடம் பரம்பரையாக இருந்தது. அந்தப் பொறுப்பில் இருந்தவருக்கு கலம்மஸ் என்று பெயர். கடைசியாக இருந்தவர் அபூ துமாமா ஜுனாதா. ஹஜ் முடிந்து கூட்டம் கலைவதற்கு முன் அவர் எழுந்து நின்று அடுத்த ஆண்டுக்கான அறிவிப்பைச் சொல்வார். அவ்வளவுதான், அதற்கு மேல் முறையீடு கிடையாது. யார் எப்போது தாக்கலாம், எப்போது கூடாது என்பதை ஒரு குடும்பம் தீர்மானித்தது. மக்காவில் கோலோச்சிய குறைஷிகளும் கினானாவின் கிளைதான் என்பதை இங்கே மறக்கக்கூடாது.

அவர் அறிவித்தது என்ன என்பதில்தான் இரண்டு கட்சி. ஒரு கட்சி: மாதம் எதுவும் சேர்க்கவில்லை, முஹர்ரமின் புனிதத்தை மட்டும் அடுத்த மாதமான ஸஃபருக்குத் தள்ளினார்கள். தொடர்ந்து மூன்று மாதம் கொள்ளையில்லாமல் இருப்பது, கொள்ளையையும் பிழைப்பாகக் கொண்ட குலங்களுக்குக் கஷ்டம். அதனால் இரண்டு மாதம் முடிந்ததும் ஒரு மாதம் அவிழ்த்துவிட்டு அடுத்த மாதத்தை ஈடாக வைத்தார்கள். இன்னொரு கட்சி: முழு மாதமே செருகினார்கள். திருக்குர்ஆனின் 9:37 ஓர் ஆண்டு அனுமதிக்கப்பட்டதாகவும் ஓர் ஆண்டு புனிதமாகவும் ஆக்குவதைக் கண்டிக்கிறது. இது முதல் கட்சிக்குப் பொருந்தும். அதற்கு முந்தைய வசனம் மாதங்களின் எண்ணிக்கை பன்னிரண்டு என்று அழுத்திச் சொல்கிறது. பதின்மூன்றாவது மாதம் யாரும் சேர்க்கவில்லை என்றால் அந்த அழுத்தத்துக்கு அவசியமே இல்லை. யமனின் ஹரம் என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில், ஒரு சடங்கை உரிய மாதத்தில் செய்யாமல் தள்ளிவைத்த குற்றத்துக்கு மக்கள் தங்கள் தெய்வத்திடம் பொறுப்பேற்கிறார்கள். ஆக, தள்ளிவைக்கும் பழக்கம் அரேபியாவில் பழையதுதான். இரண்டும் வெவ்வேறு காலத்தில் நடந்திருக்கலாம், ஒரே ஆளே இரண்டையும் அறிவித்திருக்கலாம். ஒன்றைத்தான் ஏற்க வேண்டும் என்று அடம்பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பருவத்தோடு மாதம் கட்டப்பட்டிருந்தது என்பதற்கு வெளிச் சாட்சி இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத் தூதராக அரேபியா வழியே சென்ற நொன்னோசஸ், அரபிகள் ஆண்டுக்கு இரண்டு முறை புனிதக் கூட்டம் கூடுவதாக எழுதினார்: வசந்தத்தின் நடுவில் ஒரு மாதம், கோடைத் திருப்பத்துக்குப் பிறகு இரண்டு மாதம். 541-இல் பாரசீகப் போரின்போது பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸ், கோடைத் திருப்பத்தை ஒட்டி இரண்டு மாதம் அரபிகள் படையெடுக்க மாட்டார்கள், அதனால் பின்பக்கம் பயமில்லை என்று படைத்தலைவர்களிடம் வாதிட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் பதிவு செய்கிறார். எதிரியின் புனித மாதத்தை நம்பிப் படையை நகர்த்துகிறார் என்றால் அது பருவம் மாறாமல் வந்துகொண்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

அந்த இரண்டு மாதத்தை துல்கஅதா, துல்ஹஜ் என்று வைத்து எண்ணிப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட். இரண்டு ரபீஉம் நவம்பர், டிசம்பரில், மழைக்காலத்தில் விழும். இரண்டு ஜுமாதாவும் குளிரில். ரமலான் மே மாத வெயிலில். ரபீஉ என்றால் மழையும் பசுமையும், ஜுமாதா என்றால் உறைவு, ரமலான் என்றால் கொதிக்கும் வெப்பம்: பெயர்களுக்கேற்ற பருவம் கச்சிதமாக அமைகிறது. ஆனால் இறுதி ஹஜ் நடந்தது 632 மார்ச் 6, வெள்ளிக்கிழமை. (கருவி இதை மார்ச் 7, சனி என்று காட்டும், ஒரு நாள்தானே, பிறை விஷயம்.) ஆகஸ்டிலிருந்து பின்னோக்கி மார்ச்சுக்கு ஐந்து மாதம். செருக வேண்டிய ஐந்து மாதத்தை விட்டுவிட்டால், அதாவது சுமார் பதினான்கு ஆண்டு கணக்கு கவனிக்கப்படாமல் போனால், இவ்வளவு விலகல் வந்துவிடும். நொன்னோசஸ் சொன்னது மக்காவைப் பற்றி அல்ல, வடக்கே ஒரு பேரீச்சந்தோப்புத் தலத்தைப் பற்றி என்று எதிர்வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். எல்லோருக்கும் ஒரே காலண்டர் இருக்கவில்லை: இறுதி ஹஜ் உரையிலேயே ரஜப் மாதத்தை ‘முழரின் ரஜப், ஜுமாதாவுக்கும் ஷஃபானுக்கும் நடுவில் இருப்பது’ என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. முழர் என்பது குறைஷிகளும் அடங்கிய குலத்தொகுதி. இன்னொரு தொகுதியான ரபீஆ குலங்கள் வேறொரு மாதத்தை ரஜப் என்றன. தய்யி, கத்அம் குலங்கள் புனித மாதங்களையே மதிக்கவில்லை என்றும் சொல்வார்கள்.

புனித மாத அமைதி உடைந்தால் என்னவாகும் என்பதற்கு ஃபிஜார் போர்கள் சாட்சி. ஈராக் பகுதியில் இருந்த ஹீராவின் அரபு மன்னர் நுஃமான் உக்காழுக்கு அனுப்பிய வாசனைச் சரக்கைப் பாதுகாத்துக் கொண்டுபோகும் ஒப்பந்தம் ஹவாஸின் குலத்து உர்வாவுக்குக் கிடைத்தது. போட்டியில் தோற்ற கினானாக்காரன் பர்ராத் அவரைப் புனித மாதத்தில் வழியில் கொன்றான். விளைவு, குறைஷியும் கினானாவும் ஒரு பக்கம், ஹவாஸின் உள்ளிட்ட கைஸ் குலங்கள் மறுபக்கம் என்று பல ஆண்டு சண்டை. ஒரு சரக்குக்கான கூலி, அவ்வளவுதான் மூலகாரணம்.

இந்தப் பின்னணியோடு, நபிகளார் வடக்கே பைசாந்திய எல்லைப் பக்கம் நடத்திய தபூக் படையெடுப்பைப் பார்க்கலாம். ஹிஜ்ரி 9 ரஜப், கருவிக் கணக்கில் 630 அக்டோபர் நடுவில் தொடங்கும். ஆனால் கடும் வெயில், பேரீச்சை பழுத்து நிற்கும் நேரம் என்றுதான் வரலாறுகள் பேசுகின்றன. வெயிலில் புறப்பட வேண்டாம் என்று சிலர் சொன்னதை 9:81 குறிப்பிடுகிறது. அந்த ரஜபுக்கும் 632 மார்ச்சுக்கும் நடுவில் ஒரே ஒரு செருகு மாதம் இருந்திருந்தால் போதும், தேதி செப்டம்பருக்குப் போய் வெயிலும் பழமும் ஓரளவு ஒத்துவரும். இதே கணக்கில் பின்னால் போகப் போக மாதங்கள் கூடும். பத்ரு 623-இன் கடைசி மாதங்களுக்குப் போய்விடும்.

அதனால் ஹிஜ்ரி 10-க்கு முந்தைய சம்பவத்துக்குத் தேதி எழுதுபவர்கள் ஹிஜ்ரி மாதத்தை மட்டும் எழுதி, அடைப்புக்குறிக்குள் ஆங்கில ஆண்டைப் போட்டால் போதும். நாளும் கிழமையும் சேர்ப்பது வீண் துல்லியம். ஆண்டுகளுக்கு எண் கொடுத்ததே பின்னால்தான், கலீஃபா உமர் காலத்தில், ஹிஜ்ரி 17-ஐ ஒட்டி.

அதற்குப் பிறகு நிலைமை வேறு. எகிப்தில் கிடைத்து இப்போது வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ரசீது: அரபுப் படைக்கு 65 ஆடு வாங்கியதற்கானது, கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதியது. அரபுப் பகுதியில் ஜுமாதல் ஊலா, ஆண்டு 22. கிரேக்கப் பகுதியில் எகிப்திய மாதத் தேதி, நம் கணக்கில் 643 ஏப்ரல் 25. கருவியில் போட்டுப் பாருங்கள்: ஜுமாதல் ஊலா 29.